‘நீக்கப்பட்டது’ என்று எப்போது சொல்லலாம்? கிளஸ்டர் கருவியின் செய்திகளைத் திருத்தி எழுதுகிறோம், யோசனை தேவை

#1 · தறிநூல்

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டளைவரிக் கருவியைப் பராமரிக்கிறோம். கிளவுடில் கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டம்) எழுப்புவது, நோட் (அதில் உள்ள ஒரு கணினி) கூட்டுவது, குறைப்பது, வேலை முடிந்ததும் கலைப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். வெளியே யாருக்கும் தெரியாத, உள்ளுக்குள் பிறந்து வளர்ந்த கருவி. அதன் பயனர் செய்திகள் எல்லாவற்றையும் புதிதாக எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். மொத்தம் 340 செய்திகள் ஒரே கோப்பில் இருக்கின்றன. எழுதி முடித்த கையோடு தமிழிலும் கொண்டு வர வேண்டும் என்று ஆசை.

ஏன் கேட்டு வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு இரண்டு டெர்மினல் திறந்து வைத்திருந்தேன். ஒன்று சோதனைக் கிளஸ்டருக்கு, மற்றது கணக்கீடு ஓடிக்கொண்டிருந்த கிளஸ்டருக்கு. சோதனையைக் கலைக்கலாம் என்று கட்டளை அடித்தேன். எந்தக் கிளஸ்டர் என்பதைக் கருவி ஒரு சூழல் மாறியிலிருந்து (டெர்மினலில் முன்பே வைத்துவிட்ட மதிப்பு) எடுத்துக்கொள்ளும். அது என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:

> உறுதியாகத் தொடரவா? ஆம்/இல்லை

ஆம் என்றேன். இரண்டு நிமிடத்தில் அடுத்த வரி:

> முடிந்தது.

பதினைந்து நிமிடம் கழித்துத்தான், கணக்கீடு நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. வட்டின் நகல் இருந்ததால் தரவு பிழைத்தது; அரை நாள் கணக்கு போயிற்று. டெர்மினலில் மேலே போய்ப் பார்த்தேன். கட்டளையிலோ கேள்வியிலோ பதிலிலோ கிளஸ்டரின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. நான் கவனமாக இருந்திருக்க வேண்டும், சரி. ஆனால் கவனிப்பதற்குத் திரையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

உங்களுக்கு உதவிய செய்திகள், உங்களை ஏமாற்றிய செய்திகள் இருந்தால் சொல்லுங்கள். எல்லாவற்றையும் வரி வரியாகப் படிப்பேன்.

#2 · சுருள்வில்

உங்கள் கேள்வி வரியில் இருக்கும் சிக்கல் பெயர் இல்லாதது மட்டும் இல்லை. ‘உறுதியா’ என்பது ஆளின் மனநிலையைக் கேட்கிறது. கட்டளை அடித்தவர் உறுதியாகத்தான் இருப்பார். எதைப் பற்றி உறுதி என்பதில்தானே தவறுகிறது. அதனால் நடக்கப்போவதைச் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

கிளவுட் வளங்களை அமைக்கும் டெர்ராஃபார்ம் இதை நன்றாகச் செய்கிறது. எத்தனை சேரும், எத்தனை மாறும், எத்தனை அழியும் என்று மூன்று எண்களை ஒரே வரியில் வைக்கும். பிறகு ‘யெஸ்’ என்ற முழுச் சொல்லை மட்டுமே ஏற்கும். ஒற்றை எழுத்து போதாது, வெறும் என்டரும் போதாது. இரண்டு சேர்ப்பதற்காகக் கட்டளை அடித்தவர் ‘அழிவது 9’ என்று பார்த்ததும் கை தானாக நிற்கும். நான் அப்படி நின்றிருக்கிறேன், இரண்டு முறை.

கிளஸ்டரை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸில், அதன் கட்டளைவரிக் கருவியான கியூப்சிடிஎல்லின் டெலீட் கட்டளை ரொம்ப காலம் எதையும் கேட்காமலே நீக்கிக்கொண்டிருந்தது. கேட்டு நீக்கும் இன்டராக்டிவ் ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பக்குறி) 1.27 பதிப்பில்தான் சோதனை நிலையில் வந்தது, 1.30இல் நிலைபெற்றது. இன்றும் நாமாகப் போட்டால்தான் கேட்கும். டீஃபால்டாகவே, அதாவது நாம் எதுவும் சொல்லாமலே, கேட்க வைத்தால் உலகெங்கும் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுகள் பதிலுக்குக் காத்துக்கொண்டு தொங்கிவிடும். உங்கள் கருவி சின்னது, உள்ளுக்குள் மட்டும் இருப்பது. இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: ஆள் அடித்தால் கேட்கட்டும்; ஸ்கிரிப்ட் அடித்தால், அதாவது உள்ளீடு டெர்மினலாக இல்லாவிட்டால், காத்திருக்காமல் ‘உறுதிப்படுத்தும் ஃபிளாக் இல்லை, எதையும் நீக்கவில்லை’ என்று சொல்லிவிட்டுத் தோல்விக் குறியோடு வெளியேறட்டும்.

அந்த ‘எதையும் நீக்கவில்லை’ முக்கியம். தோல்விச் செய்தியைப் படிப்பவர் மனதில் வரும் முதல் கேள்வி, பாதி போயிருக்குமோ என்பதுதான்.

#3 · வடக்குவாசல்

கிளஸ்டர் பெயரையே திருப்பி அடிக்கச் சொல்லலாமே? பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

#4 · சுருள்வில்

செய்யலாம். ஆனால் கேள்வியிலேயே பெயரைக் காட்டிவிட்டு அதையே அடிக்கச் சொன்னால், எல்லாரும் மவுஸால் இழுத்து நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள். ஒரே வாரத்தில் பழகிவிடும். பெயரோடு, அந்தக் கிளஸ்டரை அடையாளம் காட்டும் வேறு ஒன்றையும் சேர்த்துக் காட்டுவது எனக்குப் பலித்தது. ஓடும் வேலை எத்தனை, எழுப்பி எத்தனை நாள், கடைசியாகத் தொட்டது யார். சோதனைக் கிளஸ்டரில் 212 வேலை ஓடுகிறது என்று வந்தால் யாருக்கும் பொறி தட்டும்.

#5 · நள்ளிரவுப்பணி

ஏமாற்றும் செய்திகளைக் கேட்டீர்கள். குபெர்நெட்டிஸ் படிக்க வருகிற ஏறக்குறைய எல்லாரும் முட்டிக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. கியூப்சிடிஎல் அடித்ததும், லோக்கல்ஹோஸ்ட் 8080 (நம் கணினியிலேயே 8080 என்ற போர்ட்) என்ற முகவரிக்கான இணைப்பு மறுக்கப்பட்டது, சரியான ஹோஸ்டையும் போர்ட்டையும் கொடுத்தீர்களா என்று கேட்கும்.

நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்று மூன்று மணி நேரம் ஃபயர்வாலைத் தோண்டினேன். 8080இல் என்ன ஓட வேண்டும், ஏன் ஓடவில்லை என்று தேடினேன். உண்மையில் அங்கே எதுவும் ஓட வேண்டியதில்லை. கிளஸ்டரின் முகவரி இருக்கும் கியூப்கான்ஃபிக் கோப்பு கிடைக்கவில்லை. கோப்பு இல்லாததால் கருவி டீஃபால்ட் முகவரிக்குத் தாவியது. அங்கே யாரும் இல்லாததால் இணைப்பு மறுக்கப்பட்டது. கடைசியில் நடந்ததை மட்டும் நம்மிடம் சொல்லிவிட்டது.

செய்தியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனால் படிப்பவரைத் தவறான கதவுக்கு அனுப்புகிறது. ‘கான்ஃபிக் கோப்பை இன்ன இடத்தில் தேடினேன், இல்லை. அதனால் டீஃபால்ட் முகவரியை முயன்றேன்’ என்று ஒரு வரி முன்னால் இருந்திருந்தால் என் மூன்று மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

தறிநூல், உங்கள் 340 செய்திகளில் டீஃபால்டுக்குத் தாவுகிற இடங்களை மட்டும் முதலில் பட்டியல் எடுங்கள். உங்களுக்கு நடந்ததும் இதே வகைதான். சூழல் மாறியிலிருந்து பெயரை எடுத்தது கருவி, எடுத்ததைச் சொல்லவில்லை. தானாக ஊகித்தது எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

#6 · தறிநூல்

பட்டியல் எடுத்தேன். 41 இடங்களில் ஊகிக்கிறது. பகுதி, கணக்கு, கிளஸ்டர், நோட்டின் அளவு, வட்டின் வகை. ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. இரண்டு ஆண்டாக நான் தினமும் பயன்படுத்தும் கருவி இது.

கேள்விக்கான முதல் வரைவு:

> கலைக்கப்படும் கிளஸ்டர்: ‘கணக்கீடு-2’
> பெயர் எடுத்தது: சூழல் மாறியிலிருந்து
> 24 நோட்டுகள், ஓடும் வேலைகள் 212, வட்டுகள் 6
> கலைக்க ‘கலை’ என்று முழுதாக அடிக்கவும்:

#7 · மூலைமேசை

கேள்வி நன்றாக வந்திருக்கிறது. பதில்தான் எனக்கு உறுத்துகிறது. ‘முடிந்தது’ என்று எப்போது சொல்கிறீர்கள்? கோரிக்கையைச் சர்வர் வாங்கிக்கொண்டதுமா, கடைசி இயந்திரம் நின்ற பிறகா?

கிளஸ்டர் உலகில் நீக்குவது என்பது பெரும்பாலும் நீக்கச் சொல்லுவதுதான். கியூப்சிடிஎல்லில் ஒரு பாட்டை (பாட், அதாவது நோட்டில் ஓடும் ஒரு நிரல் அலகு) நீக்கிப் பாருங்கள். ‘டெலீட்டெட்’ என்ற வரி உடனே வந்துவிடும், ஆனால் கர்சர் திரும்பாது. பாட்டுக்கு மூட்டை கட்ட டீஃபால்டாக 30 வினாடி அவகாசம் உண்டு; அது முடியும்வரை கட்டளை காத்திருக்கிறது. புதியவர் என்ன நினைப்பார்? நீக்கியாயிற்று என்று சொல்லிவிட்டது, பிறகு ஏனோ தொங்குகிறது என்று கன்ட்ரோல்-சி அடிப்பார். அடித்தால் காத்திருப்புதான் நிற்கும், நீக்கல் நிற்காது. வேறு சிலர் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள்: தவறான பெயரைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்ததும் கன்ட்ரோல்-சி அடித்துத் தடுத்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை உடைத்துச் சொல்வது கொடுமையான வேலை.

நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) நீக்கும்போது இன்னும் மோசம். ஃபைனலைசர் (துப்புரவு முடியும்வரை நீக்கலைத் தடுக்கும் குறி) ஒன்று விடுவிக்காமல் பிடித்துக்கொண்டால் ‘டெர்மினேட்டிங்’ நிலையிலேயே நாள் கணக்கில் கிடக்கும்.

தமிழில் எழுதப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், இதற்கு நம்மிடம் நல்ல வசதி இருக்கிறது. ‘நீக்கக் கோரப்பட்டது’, ‘நீக்கப்படுகிறது’, ‘நீக்கப்பட்டது’. மூன்றுக்கும் மூன்று வினைமுற்று. ஆங்கிலச் செய்தியில் ஒரே ‘டெலீட்டெட்’ எல்லாவற்றையும் மூடிவிட்டது. நீங்கள் மூடாதீர்கள்.

கியூப்சிடிஎல்லிலேயே நேர்மையான செய்தி ஒன்றும் உண்டு. கட்டாயமாக உடனே நீக்கும்போது ஓர் எச்சரிக்கை வரும்: ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிட்டதா என்ற உறுதிக்காக இந்த நீக்கல் காத்திருக்காது, அது கிளஸ்டரில் காலவரையின்றி ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று. கருவி தனக்கு என்ன தெரியாது என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

#8 · கல்தச்சன்

எல்லாரும் வரிகளைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். எதிர்த்தரப்பில் ஒருவனாவது வேண்டும்.

யூனிக்ஸ் வழக்கம், வெற்றி என்றால் வாயைத் திறக்காதே என்பது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 200 தடவை அடிக்கும் கட்டளை ஒவ்வொரு தடவையும் ஏழு வரி பேசினால், எட்டாவது நாள் யாரும் படிக்க மாட்டார்கள். அன்றைக்கு வரும் உண்மையான எச்சரிக்கையும் அந்த ஏழோடு எட்டாகப் போய்விடும். நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் மஞ்சள் நிறத்தில் ஓர் ‘எச்சரிக்கை’ வரும். பழைய பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று. அதே மஞ்சளில் ஒரு நாள் வட்டு நிரம்பப்போகிறது என்று வந்தது. பத்துப் பேர் அன்று அந்தக் கட்டளையை அடித்திருக்கிறோம். ஒருவரும் பார்க்கவில்லை.

அதனால் என் கோரிக்கை: திரும்பக் கொண்டுவர முடியாத காரியத்துக்கு மட்டும் நிறையப் பேசுங்கள். நோட் பட்டியல் கேட்டால் பட்டியலைக் கொடுங்கள், போதும்.

இன்னொன்று. தரவு போகும் வழி வேறு, பேச்சு போகும் வழி வேறு. பட்டியல் ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில் போகட்டும். ‘தேடுகிறேன்’, ‘எடுத்துக்கொண்டேன்’, ‘எச்சரிக்கை’ எல்லாம் ஸ்டேண்டர்ட் எரரில் போகட்டும். அப்போதுதான் பைப் போட்டு வெளியீட்டை வேறு கட்டளைக்கு அனுப்பினால் உடையாது. கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்மில் வேலை ஒன்றைக் கொடுத்தால் ‘வேலை இன்ன எண்ணில் சேர்ந்தது’ என்று ஒரு வாக்கியம் வரும். அதிலிருந்து எண்ணை மட்டும் பிய்த்தெடுக்க எத்தனை பேர் ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள்! வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும் அத்தனையும் உடையும். பார்சபிள் என்ற ஃபிளாக் போட்டால் எண் மட்டும் வரும், அதுதான் சரியான வழி. மனிதருக்கு வாக்கியம், இயந்திரத்துக்கு எண். இரண்டையும் ஒரே வரியில் பிசைய வேண்டாம்.

#9 · தறிநூல்

கல்தச்சன், இது எதிர்த்தரப்பாகவே தெரியவில்லை. எங்கள் கருவியில் எல்லாமே ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில்தான் போகிறது. மாற்ற வேண்டியவற்றில் இதையும் முதல் வரிசையில் சேர்த்துவிட்டேன்.

வெளியேறும் எண் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்) பற்றியும் சொல்லுங்களேன். தோல்வி எதுவானாலும் எங்களிடம் 1தான்.

#10 · கல்தச்சன்

குறைந்தபட்சம் ‘செய்ய எதுவும் இல்லை’ என்பதையும் ‘செய்ய முடியவில்லை’ என்பதையும் பிரியுங்கள். கியூப்சிடிஎல் டிஃப் கட்டளையில் 0 என்றால் வேறுபாடு இல்லை, 1 என்றால் வேறுபாடு உண்டு, 1க்கு மேல் போனால்தான் பிழை. டெர்ராஃபார்ம் பிளானில் விரிவான எண் கேட்டால் 0 மாற்றமில்லை, 1 பிழை, 2 மாற்றம் உண்டு. கவனித்தீர்களா, 1க்கு இரண்டிலும் வேறு வேறு பொருள். அதனால் எந்த முறையை எடுத்தாலும் உதவிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு அந்த எண்தான் செய்தி.

#11 · நள்ளிரவுப்பணி

எண் என்றதும் 137 நினைவுக்கு வருகிறது. 128ஓடு, கட்டாயமாக நிறுத்தும் சிக்னலான 9ஐக் கூட்டினால் 137. வெளியே இருந்து கொல்லப்பட்டது என்று அர்த்தம், பல நேரம் நினைவகம் போதாமல். வேலை 137இல் விழுந்தால் எண்ணை மட்டும் அச்சிடாமல், ‘நினைவக வரம்பைத் தாண்டியதால் நிறுத்தப்பட்டது’ என்று கருவி சொல்லலாம். ஆனால் கொன்றது நினைவகம்தான் என்று கிளஸ்டர் உறுதியாகச் சொன்னால் மட்டும். ஊகமாகச் சொல்லிவிட வேண்டாம்.

#12 · ஓடைக்கல்

இன்னொரு வகை: நல்ல செய்தியைக் கெட்ட செய்தியின் உடையில் தருவது. அமேசான் கிளவுடின் ஈசி2 கட்டளைகளில் ட்ரை ரன் ஃபிளாக் உண்டு. உண்மையில் செய்யாமல், அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அனுமதி இருந்தால் வரும் பதில், ‘ஒரு பிழை ஏற்பட்டது’ என்று தொடங்கி, ‘கோரிக்கை வெற்றி பெற்றிருக்கும், ஆனால் ட்ரை ரன் ஃபிளாக் போடப்பட்டுள்ளது’ என்று முடியும். பதிலை முழுதாகப் படிக்காதவர் அனுமதி இல்லை என்று நினைத்துப் போய்விடுவார். நான் சொல்லிக்கொடுத்த ஒரு பெண் அப்படித்தான் அனுமதி கேட்டு மனு எழுதி, அனுப்பும் நேரத்தில் என்னிடம் காட்டினாள். முதல் வாக்கியத்தைப் படித்ததும் மற்றதைப் படிக்க அவளுக்குத் தோன்றவில்லை. அதில் அவள் தவறு ஒன்றும் இல்லை.

ஒத்திகை ஓட்டத்துக்குத் தனி முகம் கொடுங்கள். ஒவ்வொரு வரியின் முன்னும் ‘ஒத்திகை:’ என்று வரட்டும். கடைசியில் ‘எதுவும் மாற்றப்படவில்லை’.

#13 · அகவரி

தமிழாக்கம் பற்றி யாரும் இன்னும் இறங்கவில்லை. இருபது ஆண்டாகத் திறமூல மென்பொருள்களுக்குத் தமிழ் செய்துகொண்டிருக்கிறேன், அந்த வடுக்களோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதல் சிக்கல் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்துவிட்டுப் பெயரை அப்படியே செருகலாம். நமக்கு உருபு பெயரின் வாலில் ஒட்ட வேண்டும். பெயரோ ஓடும்போதுதான் தெரியும். ‘கணக்கீடு-2’ஓடு ‘இல்’ சேர்த்தால் ‘கணக்கீடு-2இல்’. வாயால் படித்தால் ‘இரண்டில்’, பரவாயில்லை. ஆனால் டெர்மினலில் அந்தப் பெயரை இரட்டைச் சொடுக்கில் நகலெடுத்தால் உருபும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த கட்டளையில் ஒட்டினால் ‘அப்படி ஒரு கிளஸ்டர் இல்லை’ என்று வரும். ஆகவே உருபைப் பெயரில் ஒட்டாதீர்கள், பெயருக்குப் பின் வரும் பொதுச்சொல்லில் ஒட்டுங்கள்: ‘கணக்கீடு-2’ என்ற கிளஸ்டரில். ‘என்ற’ நம்மைக் காப்பாற்றும் சொல். 340 செய்திகளிலும் அதைக் கூச்சப்படாமல் போடுங்கள்.

அடுத்தது வரிசை. ‘இன்ன வட்டை இன்ன நோட்டில் இணைக்க முடியவில்லை’ என்ற செய்தியின் ஆங்கில வடிவத்தில் வட்டு முதலில் வரும், நோட் பிறகு. தமிழில் ‘இன்ன நோட்டில் இன்ன வட்டை’ என்று மாற்றினால்தான் சில இடங்களில் காதுக்கு இயல்பாக இருக்கும். நிரலில் வெறும் வெற்றிடங்களை வரிசையாக விட்டிருந்தால் இடம் மாற்ற முடியாது. மாற்றினால் வட்டின் பெயர் நோட்டில் போய் உட்காரும். ஆபத்தான பிழை அது, ஏனென்றால் செய்தி பார்க்க ஒழுங்காகவே இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்டில் இடங்களுக்கு எண் கொடுக்கலாம், பைத்தானில் பெயரே கொடுக்கலாம். மொழிபெயர்ப்பு தொடங்குவதற்கு முன்பே நிரலில் இதைச் செய்துவிடுங்கள்.

ஒருமை பன்மையும் அப்படியே. தமிழுக்கு இரண்டு வடிவம் போதும், ஒன்று என்றால் ஒருமை, மற்றதெல்லாம் பன்மை. ஆனால் பெயர் மாறினால் வினையும் மாறும்: 1 நோட் நீக்கப்பட்டது, 5 நோட்டுகள் நீக்கப்பட்டன. பெயரை ஒரு துண்டாகவும் வினையை ஒரு துண்டாகவும் வைத்து நிரலில் ஒட்டினால் ‘5 நோட்டுகள் நீக்கப்பட்டது’ என்று வந்து நிற்கும். முழு வாக்கியமாகவே கொடுங்கள். சுழியத்துக்கோ தனி வாக்கியம் வேண்டும். ‘0 நோட்டுகள் நீக்கப்பட்டன’ என்று யார் பேசுகிறார்கள்? ‘நோட் எதுவும் நீக்கப்படவில்லை.’

கடைசியாக அகலம். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். ‘கொத்து’ என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து: கொ, த், து. யூனிகோடில் ஆறு குறியீடு. சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 18 பைட். பத்தி ஒழுங்குபடுத்தும் நிரல் இந்த மூன்று எண்களில் எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்து உங்கள் அட்டவணை நேராக நிற்கும் அல்லது சாயும். கோ நிரல்மொழியில் பத்தி ஒழுங்குபடுத்தும் டேப்ரைட்டர் ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் ஒரே அகலம் என்று வைத்துக்கொள்கிறது. தமிழில் அது பொருந்தாது. டெர்மினலுக்கு டெர்மினலும் வேறுபடும். அதனால் அட்டவணைத் தலைப்புகளை நான் தமிழாக்குவதையே விட்டுவிட்டேன். அல்லது அட்டவணையைக் கைவிட்டு, வரிக்கு ஒரு தகவலாக எழுதுகிறேன், உங்கள் #6இல் இருப்பது போல.

#14 · வடக்குவாசல்

அகவரி ஐயா, ‘கொத்து’ என்றே எழுதலாமா, ‘கிளஸ்டர்’ என்றா? தறிநூல் எல்லா இடத்திலும் கிளஸ்டர் என்றுதான் எழுதுகிறார்.

#15 · அகவரி

பத்தாண்டு முன்பு கேட்டிருந்தால் கொத்து, கணு என்று வாதாடியிருப்பேன். இன்றும் கட்டுரையில் அப்படி எழுதப் பிடிக்கும். ஆனால் நள்ளிரவில் ஏதோ உடைந்து, கை நடுங்க ஒருவர் படிக்கும் வரியில் புதுச்சொல்லைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். பொருளின் பெயரை அவர் வாயில் புழங்குகிறபடியே விடுங்கள்: கிளஸ்டர், நோட், பாட். என்ன நடந்தது என்பது மட்டும் தெளிந்த தமிழில் இருக்கட்டும். சேர்ந்தது, நின்றது, மறுக்கப்பட்டது, காத்திருக்கிறது. பெயர்ச்சொல்லில் விட்டுக்கொடுத்து வினைச்சொல்லில் பிடித்துக்கொள்வது என் வழி.

வினையிலும் ஒன்று கவனியுங்கள். நீக்கு, அழி, கலை மூன்றும் ஒன்றல்ல. பட்டியலிலிருந்து எடுத்தால் நீக்கு. வட்டும் தரவும் மீளாமல் போனால் அழி. கிளஸ்டரைக் கலைத்தாலும் வட்டு தங்குமென்றால் கலை. மூன்றையும் கலந்து எழுதினால் என்றோ ஒருநாள் ‘நீக்கு’ என்று நம்பி ஒருவர் தரவை இழப்பார்.

#16 · மூலைமேசை

ஒரு கவலை. பிழைச் செய்தியைத் தமிழாக்கினால் அதை வைத்துத் தேடுவது எப்படி? நாங்கள் எல்லாரும் செய்தியை அப்படியே தேடுபொறியில் ஒட்டித்தானே பிழைப்பு நடத்துகிறோம். அதோடு, ஆங்கிலச் செய்தியைத் தேடும் ஸ்கிரிப்டுகள் தமிழ்ச் சூழலில் ஓடினால் எதுவும் கிடைக்காமல் திரும்பும்.

#17 · அகவரி

ஒவ்வொரு பிழைக்கும் மாறாத குறி ஒன்று வையுங்கள், எந்த மொழியிலும் அதே குறி. தமிழ் வாக்கியம், அதன் முடிவில் குறி. தேடுபவர் குறியைத் தேடட்டும். ஸ்கிரிப்டுகளுக்கு, மொழியைக் குறிக்கும் எல்சி ஆல் என்ற சூழல் மாறியில் ‘சி’ என்று வைத்தால் மொழிபெயர்ப்பு இல்லாத மூலச் செய்தி வர வேண்டும். இது பழைய வழக்கம், மீறாதீர்கள். கல்தச்சன் சொன்னபடி இயந்திரத்துக்குத் தனி வெளியீடு இருந்தால் இந்தக் கவலை பாதியாகக் குறையும்.

#18 · ஓடைக்கல்

காத்திருக்கும் நேரத்துச் செய்திகளை மறந்துவிட்டோம். கிளஸ்டர் எழும்ப பல நிமிடம் ஆகும். ஆளுக்கு மிகத் தவிப்பான நேரம் அதுதான்.

பாட்டுக்கு நோட் ஒதுக்கும் குபெர்நெட்டிஸின் ஷெட்யூலர் தரும் ஒரு செய்தியைப் பாருங்கள். பாட்டுக்கு இடம் கிடைக்காதபோது, 5 நோட்டில் 0 கிடைக்கிறது என்று தொடங்கி, 2இல் சிபியு போதவில்லை, 3இல் ஏற்க முடியாத டெய்ன்ட் (பாட்டை விலக்க நோட்டில் வைக்கும் குறி) இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும். கூட்டிப் பாருங்கள், 5 வரும். எந்த நோட்டும் கணக்கில் விடுபடவில்லை. இந்த ஒரு வரியை வைத்தே நோட் கூட்ட வேண்டுமா, டெய்ன்டைச் சரிசெய்ய வேண்டுமா என்று முடிவெடுக்கலாம். ஸ்லர்ம் வரிசையிலும் காத்திருக்கும் வேலைக்குப் பக்கத்தில் காரணம் வரும்: வளம் இல்லை என்றால் ஒன்று, முன்னுரிமை வேறு வேலைக்கு என்றால் வேறொன்று. காரணம் தெரிந்த காத்திருப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

சுழலும் குறி டெர்மினலில் அழகுதான், ஆனால் வெளியீடு கோப்புக்குப் போகும்போது நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் லாக் கோப்பில் ஒரே குறி நாலாயிரம் தடவை கிடக்கும். நிறத்துக்கும் அப்படியே; நோ கலர் என்ற சூழல் மாறி இருந்தால் நிறமே வேண்டாம் என்பது 2017இலிருந்து இருக்கும் வழக்கம். திரையைக் காதால் படிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சுழற்சி வெறும் இரைச்சல்.

#19 · சுருள்வில்

தீர்வைச் சொல்லும் செய்திகள் பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். நோட்டைக் காலி செய்யும் ட்ரெயின் கட்டளை, டீமன்செட் பாட் (நோட்டுக்கு ஒன்றாக ஓடுவது) இருந்தால் நின்று, இன்ன ஃபிளாக் போட்டால் தாண்டலாம் என்று ஃபிளாக்கின் பெயரையே தரும். உள்ளே தற்காலிகத் தரவு வைத்திருக்கும் பாட் இருந்தால் அதற்கும் ஒரு ஃபிளாக்கைச் சொல்லும். உதவிதான். ஆனால் முதலாவது பாதிப்பில்லாதது, இரண்டாவது தரவை அழிப்பது. இரண்டையும் ஒரே தொனியில் நீட்டினால், இரண்டையும் ஒரே வேகத்தில் ஒட்டுவார்கள். இரண்டாவதன் பெயர் முன்பு ‘லோக்கல் டேட்டாவை நீக்கு’ என்று இருந்தது, 1.20இல் ‘எம்டிடிர் டேட்டாவை நீக்கு’ என்று மாற்றினார்கள். எம்டிடிர் என்பது பாட்டின் தற்காலிகச் சேமிப்பு; எந்தத் தரவு போகும் என்பது பெயரிலேயே வந்துவிட்டது. நீங்களும் ஃபிளாக்கைப் பரிந்துரைக்கும்போது, போட்டால் என்ன போகும் என்பதை அதே வரியில் சொல்லுங்கள்.

#20 · தறிநூல்

நன்றி எல்லாருக்கும். இரண்டு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கலைக்கும் கட்டளைக்கு இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

> ‘கணக்கீடு-2’ என்ற கிளஸ்டர் கலைக்கப்படும். பெயர் சூழல் மாறியிலிருந்து எடுக்கப்பட்டது.
> 24 நோட்டுகள் நிற்கும். ஓடும் 212 வேலைகள் பாதியில் போகும். 6 வட்டுகள் தங்கும், அழியாது.
> தொடர ‘கலை’ என்று முழுதாக அடிக்கவும். வேறு எதை அடித்தாலும் எதுவும் மாறாது.

அடித்த பிறகு:

> ‘கணக்கீடு-2’ என்ற கிளஸ்டரைக் கலைக்கக் கோரப்பட்டது. இனி கன்ட்ரோல்-சி அடித்தாலும் கலைப்பு நிற்காது.
> 24 நோட்டுகளில் 9 நின்றுவிட்டன, 15 நின்றுகொண்டிருக்கின்றன.

எல்லாம் நின்ற பிறகு:

> ‘கணக்கீடு-2’ என்ற கிளஸ்டர் கலைக்கப்பட்டது. 6 வட்டுகள் இருக்கின்றன.

#21 · கல்தச்சன்

நான் குறை சொல்ல வந்தவன், இதில் ஒரு வரியும் அதிகம் இல்லை. ஒன்று மட்டும். நோட் எண்ணிக்கை வரி ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வரியாக வருமா?

#22 · தறிநூல்

டெர்மினலில் அதே வரி மாறிக்கொண்டிருக்கும். கோப்புக்குப் போனால் நிமிடத்துக்கு ஒரு வரி, நேரத்தோடு.

#23 · மூலைமேசை

ஒரு நோட் நிற்க மறுத்தால்?

#24 · தறிநூல்

அதற்குச் செய்தியே இல்லை. இப்போதுதான் கவனிக்கிறேன், பழைய கோப்பிலும் இல்லை; அந்த நிலையில் கருவி சும்மா காத்துக்கொண்டே இருக்கும். எழுதிப் பார்க்கிறேன்:

> 23 நோட்டுகள் நின்றுவிட்டன. ‘நோட்-17’ 10 நிமிடமாக நிற்கவில்லை; இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், அதற்கான கட்டணமும் ஏறலாம்.
> கிளஸ்டர் இன்னும் கலைக்கப்படவில்லை.

#25 · மூலைமேசை

‘நிற்கவில்லை’ என்று உறுதியாகத் தெரியுமா, பதில் வரவில்லையா? இரண்டும் வேறு.

#26 · தறிநூல்

பதில் வரவில்லை. மாற்றிவிட்டேன்: ‘நோட்-17’ இடமிருந்து 10 நிமிடமாகப் பதில் இல்லை.

#27 · அகவரி

‘நோட்-17’ என்ற நோட்டிடமிருந்து.

#28 · தறிநூல்

ஆமாம். அதையும் மாற்றிவிட்டேன், ஐயா. அடுத்து நோட் கூட்டும் கட்டளையை எடுக்கிறேன், அதில் 58 செய்திகள்.